முன்னூற்று நாற்பது சிசி

சித்தப்பாவுக்கு இரண்டு இடத்தில் பெண் தட்டிப்போனதற்கு அவருடைய ஜீப்தான் காரணம். ஜீப் ஒன்றும் செய்யவில்லை. அதைப் பற்றி அவர் பேசிய பேச்சுதான் வினை. முதல் வீட்டில், பெண்ணின் அப்பா வைத்திருந்த டிராக்டரைத் தன் வண்டி கட்டி இழுத்துவிடும் என்றார். இரண்டாவது வீட்டில், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிப்போய் பானெட்டைத் திறந்து காட்டினார்.

அது ராணுவ ஏலத்தில் வந்த பழைய ஜீப். எண்பதுகளில் திண்டிவனத்துக்காரர்கள் பலர் அதில் ஏறியிருப்பார்கள். பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்கு ஆள் ஏற்றுவார் சித்தப்பா. மற்ற நாட்களில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை. ஞாயிற்றுக்கிழமை யாரையும் தொட விடாமல் அவரே கழுவுவார்.

மூன்றாவது இடம் விழுப்புரம் தாண்டி கெடாரில் வந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை. அண்ணன் சொல்வதுதான் முடிவு. கிளம்பும்போது என் அப்பா சொன்னார்: "வாயத் தொறந்தா ஜீப்பு. நீ பொண்ணு பாக்க வர்றியா, வண்டி விக்க வர்றியா? இதுவும் போச்சுன்னா இனிமே என்னைக் கூப்புடாத." சித்தப்பாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வழியெல்லாம் பேசாமல் ஓட்டினார்.

கெடாரில் சோதனை வாசலிலேயே நின்றது. பெண்ணின் அண்ணன் தன் புல்லட்டைப் பளபளவென்று துடைத்து, வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக முடியும் என்கிற இடத்தில் நிறுத்தியிருந்தார். சித்தப்பா அதையும் சுற்றிக்கொண்டு பேசாமல் போனார். கேசரி வந்தது, காபி வந்தது, பெண்ணும் வந்து நின்றுவிட்டு உள்ளே போனார். சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணன் கேட்டார்.

"உங்க வண்டி எத்தினி சிசிங்க?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சித்தப்பாவுக்குச் சிசி தெரியாது. ஜீப்போடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் கன அங்குலம்தான் போட்டிருந்தது. "நூத்தி முப்பத்தி நாலுங்க. ஆனா அது இஞ்ச் கணக்கு" என்றார். அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், கன சென்டிமீட்டரில், சிசியில் சொல்லுங்கள் என்றார் அண்ணன். சித்தப்பா என்னைப் பார்த்தார். "எங்க அண்ணன் பொண்ணு போட்டுடுமுங்க. கணக்குல நூத்துக்கு நூறு."

நான் ஆறாம் வகுப்பு. அந்நியர் முன்னால் பெயரைக் கேட்டாலே அம்மாவின் முந்தானையைத் தேடுகிறவள். அன்று அம்மாவும் வரவில்லை. யாரோ பென்சிலும் காலண்டர் தாளும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓர் அங்குலம் என்றால் இரண்டு புள்ளி ஐந்து நான்கு சென்டிமீட்டர் என்பது எனக்கு மனப்பாடம். என் ஸ்கேலின் இரண்டு ஓரத்திலும் அதுதானே இருந்தது. நூற்று முப்பத்து நான்கை அதால் பெருக்கினேன். சரிபார்த்தேன். தலையைத் தூக்காமல், "முன்னூத்தி நாப்பது" என்றேன்.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார்.

"எம் புல்லட்டே முன்னூத்தம்பதுங்க. நாலு சக்கரம், பத்து ஆளு, இவ்ளோ மூட்ட, அதுக்கு முன்னூத்தி நாப்பதா? பாவங்க அது. எப்புடி ஓடிக்கினு இருக்குது?"

வீடே சிரித்தது. சித்தப்பாவின் காது சிவந்துபோயிற்று. அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். சித்தப்பாவின் பார்வை பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்த என் கைமேல் விழுந்தது. மெதுவாக, "எங்க பொண்ணு போட்டா சரியாத்தாங்க இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் வேறு ஆளாகிவிட்டார். தானே எழுந்து சித்தப்பாவுக்கு இன்னொரு கரண்டி கேசரி வைத்தார். ஒரு வாரத்தில் சம்மதம் என்று ஆள் வந்து சொன்னார். மாப்பிள்ளை அமரிக்கையானவர் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். எங்கள் சித்தப்பாவை அப்படி ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. அப்பா அந்த ஆளை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

நிச்சயதார்த்தத்துக்குச் சில நாள் முன்பு பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு வந்தது. நீளம், அகலம், உயரம், மூன்றையும் பெருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே என் பென்சில் நின்றது. கன அங்குலம் என்பதும் ஒரு குட்டித் தொட்டிதானே? நான் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டு பக்கத்தையும் விட்டுவிட்டிருந்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு. ஆறு புல்லட்டுக்குமேல் வரும் வண்டியை ஒன்றுக்கும் குறைவாக்கி, ஊர் பார்க்கச் சித்தப்பாவைச் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நிச்சயத்தன்று அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் எழுந்து நின்று பதில் சொன்னவளில்லை.

ஆனாலும் முதலில் அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிச்சயத்துக்குப் போகும் வழியில், விழுப்புரம் ரயில்வே கேட்டில் ஜீப் நின்றபோது கணக்குப் போட்ட தாளை நீட்டினேன். சித்தப்பா படித்தார். மறுபடி படித்தார். "ரெண்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தாறு" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்து, ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, இதை அங்க சொல்லிடாத. முன்னூத்தி நாப்பதே இருக்கட்டும்."

"அது தப்பு சித்தப்பா."

"தப்புதான். இருக்கட்டும்."

எனக்கு அழுகை வந்தது. என் புதுக் கணக்கை அவர் நம்பவில்லை என்று நினைத்தேன்.

கெடாரில் நாங்கள் இறங்கியதுமே அண்ணன், "இன்னாங்க, முன்னூத்தி நாப்பது மூச்சு வாங்காம வந்துச்சா?" என்றார். எல்லோரையும்விடச் சித்தப்பாதான் அதிகம் சிரித்தார்.

சாப்பாட்டுக்கு அண்டாக்கள் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கோயிலிலிருந்து வர வேண்டியிருந்தது. வண்டியைக் கொடுங்கள், நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றார் அண்ணன். சித்தப்பா சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் ஏறிக்கொண்டேன். திரும்பும்போது அண்டாக்களும் எட்டு ஆளும் இருந்தோம். வறண்ட ஏரி மணலில் சக்கரம் புதைந்தது. அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஜீப் ஒரு முறை உறுமி, அத்தனை பாரத்தோடும் கரையின்மேல் ஏறி நின்றது.

அண்ணன் இறங்கிப் பானெட்டைத் திறந்தார். புல்லட்டுக்கு ஒன்றுதான்; இங்கே வரிசையாக இருந்த நான்கு பிளக்குகளையும், எஞ்சினையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா ஏரியில் ஏதோ பறவை இருப்பதுபோல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினார்.

"முன்னூத்தி நாப்பதுக்கு நல்ல இழுப்பு, மாப்ளே."

"உங்க புல்லட்டு மாதிரி வருமாங்க" என்றார் சித்தப்பா.

அதுவரை அண்ணன் அவரை மாப்ளே என்று கூப்பிட்டதில்லை. இருவரும் தோளோடு தோள் இடிக்க நடந்து வந்து வண்டியில் ஏறினார்கள். எனக்கோ அவர்களைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு வளர்ந்தும் இரண்டு பேருக்கும் கன அளவு தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வரப்போகிற சித்திக்காவது கொஞ்சம் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று, வீடு வந்து சேரும்வரை சாமியை வேண்டிக்கொண்டே வந்தேன்.