மஞ்சள் தொப்பியும் ஆறு பின்னலும்

எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஆறு பின்னல் போட வேண்டும். மூன்று பெண்கள், தலைக்கு இரண்டு. பள்ளிக்கூடத்துச் சட்டம் அப்படி. தோளைத் தொடும் முடி என்றால் இரட்டைப் பின்னல் போட்டு, மடித்துக் கட்டி, நீல ரிப்பன் வைத்திருக்க வேண்டும். முடியை வெட்டிவிட்டால் பாதி வேலை மிச்சம் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் அம்மாவுக்கு யோசனை சொல்லிப் பார்த்தார்கள். அம்மா கேட்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு முடி இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கைக்கு உண்டான கஷ்டத்தையும் அவரேதான் பட்டுக்கொண்டிருந்தார்.

புக்கிட் ரம்பாயில் தாமான் என்று சொல்லும் குடியிருப்பு ஒன்றில் வரிசை வீடு. நான் பெரியவள், நான்காம் ஆண்டு. நடுவுள்ளவள் இரண்டாம் ஆண்டு. சின்னவள் அப்போதுதான் முதலாம் ஆண்டில் சேர்ந்திருந்தாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார், நாங்கள் ஒவ்வொருவராகக் கீழே உட்கார்ந்து தலையைக் கொடுப்போம். பின்னி முடித்ததும், "இறுக்கமா இருக்கா?" என்று கேட்பார். "வலிக்குதும்மா" என்றால், "வலிச்சாத்தான் மத்தியானம் வரைக்கும் நிக்கும்" என்பார். அப்புறம் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்காமல் ஒரு நாளும் விட்டதில்லை.

அம்மா பக்கத்திலிருந்த ஒரு மின்சாதனக் கம்பெனியில் மதிய ஷிப்டு பார்த்தார். மூன்று மணிக்கு வேலை தொடங்கும், முடிய இரவு பதினொன்றாகிவிடும். நாங்கள் பள்ளி வேனிலிருந்து இறங்கும் நேரமும் அவர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாசல் கேட்டருகே ஒருவரையொருவர் கடப்போம். "சோறு மூடி வெச்சிருக்கேன், சின்னவளுக்கு மீன் முள்ளு எடுத்துக் குடு, டிவிய ஒடனே போடாத" என்று சொல்லிக்கொண்டே நடப்பார். அப்பா ஐந்து மணிக்கு லோரியோடு வந்து சேரும்வரை பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொள்வார்.

எட்டு வருடம் ஒரே உற்பத்தி லைனில் உட்கார்ந்திருந்த அம்மாவை, ஒருநாள் லைனுக்கு லீடராகப் போட்டுப் பார்க்கிறோம் என்றார்கள். மூன்று மாதம் சோதனை. காலை ஷிப்டு. ஏழு மணிக்கு முன்னால் லைனில் நிற்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் லீவு கிடையாது, எம்.சி. என்று டாக்டர் சீட்டு கொடுப்பது கிடையாது, பாதியில் எழுந்து போகிற பேச்சே கிடையாது. ஒழுங்காக முடித்தால் லீடர் வேலையும் நிரந்தரம், காலை ஷிப்டும் நிரந்தரம். மற்றவர்களுக்கு வெள்ளைத் தொப்பி, லீடருக்கு மட்டும் மஞ்சள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா கண்ணாடிக்கு முன்னால் நான்கு தடவை போட்டுக் கழற்றினார்.

"அடேங்கப்பா! இனிமே ஒங்ககிட்ட பேசணும்னா நம்பர் எடுத்துக்கிட்டு நிக்கணும் போல" என்றார் அப்பா.

"சும்மா இருங்க லா" என்றார் அம்மா. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. அந்தத் தொப்பியை ஒவ்வொரு சாயங்காலமும் அழுக்கே இல்லாவிட்டாலும் கையால் துவைத்துக் காயப்போடுவார். நாங்கள் யாரும் அதைத் தொடக் கூடாது. அம்மா எதையும் அப்படிப் பொத்தி வைத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சிக்கல் ஆறு பின்னலில்தான் இருந்தது. கம்பெனி பஸ் ஆறு மணிக்கே வந்துவிடும். அந்நேரத்தில் நாங்கள் பாதித் தூக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருப்போம். யார் பின்னுவது?

"நான் பின்றேன்" என்றார் அப்பா.

அப்பா கட்டுமானச் சாமான் ஏற்றும் லோரி ஓட்டுபவர். ரெம்பியா, அலோர் காஜா என்று சுற்றிவிட்டு வருவார். கயிறு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று அவர் வேலை செய்யும் கடையில் பேர். அந்தப் பேர்தான் எங்கள் தலையை வந்து பிடித்தது. முதல் நாள் அவர் போட்ட பின்னல் காதுக்கு மேலே கொம்பு மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. ரிப்பனை லோரியில் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சாகப் போட்டுவிட்டார். சாயங்காலம் அம்மா எவ்வளவு முயன்றும் அவிழவில்லை, கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தார். ஒரே வாரத்தில் நாலு முழம் ரிப்பன் காலி. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா விடவில்லை. மூன்று துண்டுக் கயிற்றை எங்கள் வீட்டுக் கேட்டுக் கம்பியில் கட்டி வைத்தார். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் நின்று பின்னுவார், அவிழ்ப்பார், மறுபடி பின்னுவார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் மாதத்தில் அவருடைய பின்னல் மனிதப் பிறவியின் தலையில் இருக்க வேண்டிய மாதிரி வந்துவிட்டது. வகிடு மட்டும் கொஞ்சம் கோணும். நடுவுள்ளவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சின்னவளுக்கோ அப்பா பின்னல்தான் பிடித்தது, அவர் இழுக்கும்போது வலிக்காதாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பின்னத் தெரியும். அதற்கு முந்தைய பள்ளி விடுமுறையிலேயே பொம்மைக்குப் போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டிருந்தேன், நன்றாகவே வரும். "பெரியவளே, ஒனக்கு வருமா?" என்று அப்பா முதல் நாளே கேட்டார். "வராதுப்பா" என்றேன். வரும் என்றால் தங்கைகளின் நான்கு பின்னலும் என் தலையில் விழும். அவ்வளவு விவரம் எனக்கு அந்த வயதிலேயே இருந்தது.

ஒரு சனிக்கிழமை, பள்ளியில் ஏதோ நிகழ்ச்சி. அப்பா எங்களுக்குப் பின்னிக்கொண்டிருக்கும்போது ரெம்பியாவிலிருந்து அத்தை வந்துவிட்டார். அப்பாவுக்கு அக்கா. வாசலிலேயே நின்று, "என்னடா இது கூத்து? லோரி ஓட்டுற கையில சீப்பு. அவ எங்க?" என்றார்.

"வேலைக்குப் போயிட்டாக்கா. ஓ.டி. இப்ப அவ லீடரு."

"லீடராம்! மூணு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு இவளுக்கு எதுக்கு லீடரு? பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

அப்பா சிரித்துவிட்டுச் சின்னவளின் ரிப்பனை முடிந்தார். எனக்குத்தான் சுருக்கென்றது. அதுவரை வெறும் பின்னலாக இருந்தது, அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் சிரிக்கும் பின்னலாகிவிட்டது. பள்ளியில் யார் சிரித்தாலும் என் வகிட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. உண்மையில் ஒருவரும் கவனிக்கவே இல்லை. ஒருத்தியாவது கேலி செய்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.

பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கும் நாள் வந்தது. அம்மாவின் சோதனை முடிய இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார்.

"அம்மா, படம் எடுக்குற அன்னிக்கு மட்டும் நீங்க பின்னி விடுங்கம்மா" என்று முந்தின நாள் சாயங்காலம் கெஞ்சினேன்.

"ரெண்டே வாரம்டா கண்ணு. இந்த நேரத்துல லேட்டா போனா அவ்வளவுதான். அப்பா அழகாப் பின்னி விடுவாரு."

"அப்பா பின்னுனா எல்லாரும் சிரிக்கிறாங்க."

அப்பா கேட்டருகே கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். மறுநாள் காலை அவர் எனக்கு வகிடு எடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. மூன்று தடவை கலைத்துக் கலைத்து எடுத்தார். நேராகத்தான் வந்தது, கோணவே இல்லை. எனக்கு அது போதவில்லை. அம்மாதான் வேண்டும்.

வேனில் போகும்போது என் பின்னலை நானே அவிழ்த்தேன். பிறகு சின்னவளுடையதையும் அவிழ்த்தேன். நடுவுள்ளவள், "என்னோடத தொட்ட, கத்துவேன்" என்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். சின்னவளிடம், "டீச்சர் கேட்டா வயிறு வலிக்குதுன்னு சொல்லு. லோரியில முன் சீட்டு ஒரு மாசத்துக்கு ஒனக்குத்தான்" என்றேன். அவள் உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்வாள்.

பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்றால் பள்ளியிலிருந்து வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள், அம்மாவோ அப்பாவோ வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். டீச்சர் முதலில் அப்பாவுக்குத்தான் போன் போட்டார். அப்பா ஓட்டும்போது எடுக்கமாட்டார், அதுவும் எனக்குத் தெரியும். அடுத்துக் கம்பெனி ஆபீசுக்குப் போட்டார். "சின்னவ ரொம்ப அழுவுறா டீச்சர்" என்று பக்கத்தில் நின்று நானும் ஒரு கை கொடுத்தேன்.

அம்மா டாக்சியில் வந்து இறங்கினார். கம்பெனி மேலங்கியோடு, காலில் கம்பெனிச் செருப்போடு, தலையில் மஞ்சள் தொப்பியோடு ஓடி வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராகச் சின்னவளிடம் போய் மண்டியிட்டு வயிற்றை அமுக்கி, "எங்கடா வலிக்குது? இங்கயா? இங்கயா?" என்றார். சின்னவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. கெக்கெக்கே என்று சிரித்துவிட்டாள்.

"வலிக்கலம்மா. அக்காதான் சொல்லச் சொன்னா."

ரோத்தான் பிரம்படி நிச்சயம் என்று நினைத்தேன். அம்மா எழுந்து நின்று என்னைப் பார்த்தார், சின்னவளின் அவிழ்ந்த தலையைப் பார்த்தார், வெளியே படத்துக்காகப் போட்டு வைத்திருந்த பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"சீப்பு வெச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். பையைத் திறந்து சட்டென்று எடுத்துக் கொடுத்தேன். அப்படி உடனே எடுத்துக் கொடுத்திருக்க வேண்டாம் என்று அப்புறம் நினைத்துக்கொண்டேன்.

ஆபீசுக்கு வெளியே இருந்த சிமெண்டுப் படியில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பின்னிவிட்டார். அம்மா பின்னல், வகிடு கோடு போட்ட மாதிரி. எனக்கு ஒரே சந்தோஷம். முடித்ததும், "இறுக்கமா இருக்கா?" என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். அவர் எழுந்து மேலங்கியைத் தட்டிவிட்டு டாக்சியை நோக்கி நடந்தார்.

அந்தப் படம் இன்றும் வீட்டில் இருக்கிறது. இரண்டாவது வரிசையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பது நான்தான்.

வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்று சாயங்காலம் பெரியவர்கள் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். "நான் போயி அந்த சூப்பர்வைசர்கிட்ட பேசுறேன்" என்று அப்பா சொன்னது மட்டும் கேட்டது. அதற்கு அம்மா, "வேணாங்க. சொன்னா சொன்னதுதான், அங்க" என்றார். நாட்காட்டியில் அன்றைக்குக் கோடு விழவில்லை. அதற்குப் பிறகும் விழவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை கண் விழித்தால் அம்மா வீட்டில் இருந்தார்! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் சீப்பும் ரிப்பனும். நான் முதல் ஆளாகப் போய்க் கீழே உட்கார்ந்தேன். கொடியில் தொப்பி இல்லை.

"மஞ்சத் தொப்பி எங்கம்மா?"

"திருப்பிக் குடுத்துட்டேன்."

"ஏன், தலைக்குப் பத்தலையா?"

"இல்ல. சரியாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பின்னத் தொடங்கினார்.

எனக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. அன்று முழுக்க நல்ல உற்சாகத்தில் இருந்தேன். மதியம் வேனிலிருந்து இறங்கியபோதுதான், அம்மா பையை மாட்டிக்கொண்டு கேட்டருகே நிற்பதைப் பார்த்தேன். தலையில் சாதாரண வெள்ளைத் தொப்பி. "சோறு மூடி வெச்சிருக்கேன். சின்னவளுக்கு மீன் முள்ளு எடுத்துக் குடு" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸை நோக்கி நடந்தார். இத்தனை நாள் சாயங்காலமெல்லாம் வீட்டில் இருந்துவிட்டு இப்போது எதற்குப் போகிறார் என்று எனக்கு அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. கேட்டுக் கம்பியில் கட்டியிருந்த அப்பாவின் கயிறு இல்லை. அது லோரிக்குத் திரும்பிப் போயிருந்தது.

சின்னவள் ஓடியாடியதில் அவளுடைய ஒரு பின்னல் அவிழ்ந்து தொங்கியது. ஐந்து மணிக்கு அப்பா வரும்வரை அப்படியே விட வேண்டாம் என்று அவளைப் பிடித்து உட்கார வைத்துப் பின்னிவிட்டேன். எல்லாம் ஐந்து நிமிட வேலை. மடித்துக் கட்டி ரிப்பனும் போட்டேன். அவள் கையை மேலே கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, ஒனக்கு நல்லா பின்னத் தெரியுதே லா!"

"யார்கிட்டயும் சொல்லாத."

சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு, "அப்பறம் ஏன் அம்மா ஷிப்டு மாத்திக்கிட்டாங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அந்த மாதம் முழுக்க நான் சொன்ன பொய்களில் அது சேராது. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே தெரியாது.