ஆணையத்தின் ஒரே பாஸ்போர்ட்

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் புஷ்பா அக்காவைப் பற்றி நிம்மதியாகச் சொல்லலாம்.

எங்கள் தீவுகளை வெளிநாடுகளோடு வியாபாரத்திலும் கலாச்சாரத்திலும் இணைப்பதற்கென்று ஓர் ஆணையத்தை உண்டாக்கினார்கள். நான் அதில் குமாஸ்தா. பெயர் ரூபா, வீடு புரோத்ராபூர். ஆணையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். போர்ட் பிளேரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு அறை, மூன்று மின்விசிறி, அதில் ஒன்று சுற்றும். மற்ற துறைகளில் யாரை வைத்துச் சமாளிக்க முடியவில்லையோ அவர்களை எங்களிடம் தள்ளிவிட்டார்கள். நான் வந்தது வாய்த்துடுக்கால். புஷ்பா அக்கா வந்தது, பழைய அலுவலகத்தில் ஓர் அதிகாரியின் நாயைக் குளிப்பாட்ட மாட்டேன் என்று சொன்னதால்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பதவி பியூன். ஃபைல் தூக்குவது, டீ வாங்குவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அவர்தான். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி ஐந்து வயதில் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் வைத்திருந்து, அங்கிருந்து கப்பலேற்றிக் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணம். சுனாமியில் வீடு போயிற்று, புருஷனும் போய்விட்டார். அவருடைய வேலைக்குப் பதிலாக அக்காவுக்குக் கிடைத்ததுதான் இந்தப் பியூன் உத்தியோகம்.

ஆனால் அக்காவோடு கப்பலேறாத ஒருத்தி உண்டு. கூடப் பிறந்த மூத்தவள் ஒச்சம்மா. அப்போது பதினாலு வயது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லாத அத்தை அவளைத் தன் குடியுரிமை மனுவில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, அப்பாவுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. ஒரே லயத்தில் இருந்தவர்கள், இரண்டு தேசத்தவர் ஆகிவிட்டார்கள். அடுத்த கப்பலில் வந்துவிடுவாள் என்று அப்பா சொன்னாராம். அந்த அடுத்த கப்பல் ஐம்பத்தொரு வருஷமாக வரவில்லை.

இப்போது ஒச்சம்மாவுக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் பேசுவார்கள். மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, இங்கே இருக்கிற சிக்னலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒச்சம்மா முகத்தில் பாதியும் தங்கை முகத்தில் பாதியும் தெரிந்தால் அன்றைக்கு நல்ல நாள். ஒச்சம்மா சாவதற்குள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். புஷ்பா அக்காவுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்காகவே பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் பாஸ்போர்ட் எடுத்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "ஃபாரின்லேர்ந்துதானே வந்தீங்க, மறுபடி எதுக்கு ஃபாரின்?" என்று கேட்டாராம். பையன் படிப்பு, மகள் பிரசவம், கொரோனா, அது முடிந்ததும் இலங்கையிலேயே பெட்ரோலுக்கு வரிசை. ஒரு முத்திரைகூட விழாமல் அந்தப் பாஸ்போர்ட் காலாவதியாகி, இரண்டாவதும் எடுத்து வைத்திருந்தார்.

ஆணையத்துக்கு வருவோம். முதல் நான்கு மாதம் பெயர்ப்பலகைக்கு என்ன நீலம் அடிப்பது என்பதில் போயிற்று. அடுத்த நான்கு மாதம் உறுப்பினர் நியமனம். எங்கள் ஊரில் கமிட்டி என்று ஒன்று போட்டால் ஒரு வங்காளி, ஒரு தமிழர், ஒரு தெலுங்கர், ஒரு மலையாளி, ஒரு ராஞ்சிக்காரர், ஒரு நிக்கோபாரி, அந்தக் காலத்துக் கைதிகள் வழியில் வந்த ஒரு லோக்கல்பார்ன் என்று ஏழு பேர் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தால் மறுநாள் ஊர்வலம். ஏழு பேரோடு தலைவர் ஆவுடையப்பன். ஓய்வு பெற்ற அதிகாரி, நெல்லைக்காரர். ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது. தமிழர் இடத்துக்கு வந்தவர் கான்ட்ராக்டர் பாலகுமார். அவர் போட்ட படகுத்துறையில் கப்பலைக் கட்டப் பயப்படுவார்கள்.

வருஷம் முடிவதற்குள் வெளிநாட்டில் ஒரு நிகழ்ச்சியாவது நடத்தாவிட்டால் ஆணையத்தையே மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அவசரமாகத் தேடியதில் மார்ச் மாதம் கொழும்பில் மூன்று நாள் வணிக, கலாச்சாரக் கண்காட்சி அகப்பட்டது. ஸ்டால் எடுத்தோம். அனுப்ப முடிவான சரக்கு: தேங்காயெண்ணெய், கிராம்பு, பட்டை. பட்டை விளைகிற இலங்கைக்கே பட்டை! கூடவே அந்தமான் சிப்பி அலங்காரம் என்று நான்கு பெட்டி. அந்தச் சிப்பியெல்லாம் ராமேஸ்வரத்திலிருந்து எங்கள் கடைகளுக்கு வருவது.

கொழும்பு என்று காதில் விழுந்ததும் புஷ்பா அக்கா டீத்தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தலைவர் அறைக்குள் போனார். "சாமான் தூக்க ஒரு ஆள் வேணும்ங்களே ஐயா, நான் வர்றேன்" என்றார்.

தலைவர் சிரித்தார். "ஏம்மா, அங்க பொறந்தவள அங்கயே அனுப்புனா அது என்ன பரிமாற்றம்?"

தமிழர் இடத்தில் இருக்கிறாரே என்று பாலகுமாரிடம் போனார். "நீங்க சிலோன் கோட்டாம்மா. நான் தமிழ்நாடு கோட்டாவுல வந்திருக்கேன்" என்றார் அவர். சிலோன் கோட்டா என்று ஒன்று எந்தக் கமிட்டியிலும் கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய டீயில் உப்புப் போடலாமா என்று யோசித்தேன். அக்கா என் கையைப் பிடித்தார். "சோடோ ரூபா, விட்டுடு. நமக்கு எழுதுனது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று, கண் சிவந்திருந்தது.

இப்போது என் தப்பு. கொழும்பு போகிற தலைவருக்கும் ஏழு உறுப்பினர்களுக்கும் படிவம் அடித்தது நான்தான். பெயர், தகப்பனார் பெயர், அடையாள அட்டை எண், சைவமா அசைவமா. கப்பல் டிக்கெட் வரிசையில் நின்றே வளர்ந்தவர்களுக்கு அடையாள அட்டை என்றால் ஐலேண்டர் கார்டுதான், தீவுவாசி என்று அரசாங்கம் கொடுக்கிற அட்டை. கடலைத் தாண்டினால் எங்களுக்கு எல்லாமே மெயின்லேண்ட். டெல்லியும் மெயின்லேண்ட், கன்னியாகுமரியும் மெயின்லேண்ட். கொழும்பும் அந்த வரிசையில் எங்கேயோ இருக்கிறது என்று என் மண்டை நினைத்துக்கொண்டது போல. பாஸ்போர்ட்டுக்கு ஒரு கட்டம் போடத் தோன்றவே இல்லை. சரி, நான்தான் மடச்சி. எட்டுப் பேரும் ஐலேண்டர் கார்டு எண்ணை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்களே! வெளிநாட்டு ஆணையத்தில் ஒரு ஆளுக்குக்கூட உறைக்கவில்லை.

பாஸ்போர்ட் நகல் எங்கே என்று சென்னை டிக்கெட் ஏஜென்ட் மெயில் போட்டிருக்கிறார். கடவுச்சொல் தலைவரிடம் மட்டும் இருந்தது, அவர் மறந்துபோயிருந்தார். மெயிலைத் திறந்து பார்த்தபோது பயணத்துக்கு நான்கு நாள். அதில் இரண்டு நாள் சனி, ஞாயிறு. ஏழு பேரிடம் பாஸ்போர்ட்டே இல்லை. தலைவரிடம் இருந்தது, அதற்கு நான்கு மாதம்தான் ஆயுசு பாக்கி. ஆறு மாதமாவது இருந்தால்தான் இலங்கையில் விடுவார்களாம்.

"ஐலேண்டர் கார்டைக் காட்டி, நான் ஏர்போர்ட்ல பேசிக்கிறேன் சார்" என்றார் பாலகுமார். உண்மையாகவே சொன்னார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "நம்ம ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட பாஸ்போர்ட் இருக்கு சார்" என்றேன்.

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். அக்கா எட்டு டீயோடு நின்றுகொண்டிருந்தார். 

வேறு வழியில்லை. ஸ்டால் காலியாகக் கிடந்தால் ஆணையம் போய்விடும், தலைவரின் காரும் போய்விடும். அக்காவை ஆணையத்தின் பிரதிநிதியாக நியமித்து ஓர் உத்தரவு அடித்தேன், இந்தத் தடவை மூன்று முறை சரிபார்த்து. தலைவர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "நாப்பத்தாறாம் நம்பர் ஸ்டால். மூணு நாளும் நகரப்பிடாது. தெனமும் ரெண்டு மணிக்கு வீடியோ கால் போடுவேன். ஆள் இல்லன்னா வேலை இருக்காது, பார்த்துக்கோ."

"சரிங்க ஐயா" என்றார் அக்கா.

எங்கள் தீவுகளில் யார் கப்பல் ஏறினாலும், விமானம் ஏறினாலும் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் வந்து ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவார்கள். கச்சாலுக்குப் போனில் சேதி போய், அடுத்த கப்பலிலேயே பொட்டலங்கள் வந்து இறங்கின. மலைநாட்டில் விட்டுவந்த அண்ணனுக்கு ஒரு வேட்டி, சித்திக்குக் கருவாடு, பெயர் மட்டும் தெரிந்த ஒரு தம்பிக்குக் கல்யாணப் போட்டோ. ஆணையம் அச்சடித்த வண்ணப் புத்தகங்கள் இரண்டு அட்டைப்பெட்டி இருந்தன. புத்தகங்களை என் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்தப் பெட்டிகளில் பொட்டலங்களை அடுக்கிக் கட்டினோம். அரசாங்க முத்திரை வெளியே, கருவாடு உள்ளே.

முதல் நாள் இரண்டு மணிக்கு அக்கா ஸ்டாலில் இருந்தார், ஆணையம் வாங்கிக் கொடுத்த நீலப் புடவையில். யாராவது வந்தார்களா என்று தலைவர் கேட்டார். ஒரே ஒருவர் வந்து பட்டையை முகர்ந்து பார்த்து, சிரித்துவிட்டுப் போனாராம். எத்தனை பேர் வந்ததாக எழுத என்று நான் கேட்டதற்கு, "நூத்தி இருவதுன்னு எழுது" என்றார் தலைவர்.

இரண்டாம் நாள் இரண்டு மணிக்கு அழைப்பு போனது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. தலைவருக்கு மூக்கு சிவந்தது. மூன்றாம் தடவை எடுத்தார்கள். திரையில் ஸ்டால் இல்லை. தகரக் கூரை, கரி பிடித்த சுவர், ஒரு கட்டில். கட்டிலில் ஒரு கிழவி. பக்கத்தில் நீலப் புடவை.

"எங்கம்மா இருக்க? ஸ்டால் எங்க?" என்று தலைவர் கத்தினார்.

பதில் கிழவியிடமிருந்து வந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்கதானா எந் தங்கச்சிய அனுப்பி வச்ச தொர? இவள நான் இடுப்புல தூக்கி வளத்தேங்க. இப்பப் பாருங்க, தல நரச்சு வந்து நிக்கிறா. போன்ல பாதி மொகந்தானே பாத்திருக்கேன், எனக்கு அடையாளமே தெரியல. காதுக்குப் பின்னால மச்சத்தப் பாத்துத்தாங்க கண்டுபிடிச்சேன். நீங்க நல்லா இருக்கணும். மத்தியானச் சோறு தின்னீங்களா சாமி?"

தலைவர் "சாப்பிட்டேம்மா" என்றார். "ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்றும் சொன்னார். சிக்னல் அறுந்துபோயிற்று. நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவில்லை.

 தலைவர் என் பக்கம் திரும்பி, "மெமோ அடி" என்றார். மனுஷன் அவ்வளவுதான். நாற்பது வருஷப் பழக்கம் ஒரு கிழவியால் போய்விடுமா? அடித்தேன். அனுமதியின்றி ஸ்டாலைப் பூட்டிவிட்டுச் சென்றதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், தவறினால் கடும் நடவடிக்கை.

அக்கா நான்கு நாள் கழித்து வந்தார். வந்ததும் அறையைக் கூட்டினார், டீ வாங்கி வந்தார். மெமோவை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். நல்ல வார்த்தைகளாகப் போட்டு விளக்கம் அடித்துத் தருகிறேன், திடீர் உடல்நலக்குறைவு என்று சொல்லிவிடலாம் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு என் பேனாவை வாங்கிக்கொண்டார். மெமோவின் பின்பக்கத்தில், எழுத்துக்கூட்டி, கோணல் மாணலாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, தானே கொண்டுபோய்த் தலைவர் மேஜையில் வைத்தார்.

"அக்காவைப் பார்க்கப் போனேன். பார்த்துட்டேன். இனி நீங்க என்ன செஞ்சாலும் சரி."