நான் அடித்த வரி

மலேசியாவின் கோலசிலாங்கூர் ரப்பர் தோட்டத்தில் என்னோடு பால்வெட்டும் சாலமோன், மனைவி காய்ச்சலிலிருந்து பிழைத்ததை, கர்த்தர் காத்ததற்குச் சாட்சியாக எழுதினார். ஞாயிறு ஜெபத்தில் வாசிக்குமுன், நாலாம் வகுப்பு படித்த என்னைத் திருத்தச் சொன்னார். பயத்தில் கர்த்தரை ஏசியதாகவும் எழுதியிருந்தார். சபைக்கு ஆகாதென்று அந்த வரியை அடித்தேன். நேரில் சொல்லக் கூச்சப்பட்டு, தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

ஞாயிறன்று அவர் வரவில்லை. ஜெபத்தில் மனம் நிற்காமல் அவருடைய லயத்து வீட்டுக்கு ஓடினேன்.

“நெசத்த அடிச்சுட்டீங்களேண்ணே! ஏசுனவனையும் கைவிடலைங்கிறதுதானே சாட்சி!”

“தப்புதான் தம்பி. எழுதுனபடியே வாசி.”

“பாக்கலாம்.”

வாரமெல்லாம் தவித்தேன். மறு ஞாயிறு அவர் வந்து, அந்த வரியையும் சேர்த்தே வாசித்தார்.

இப்போது யார் எழுதித் தந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, அவரையே வாசிக்கச் சொல்கிறேன். ஏன் அப்படி எழுதினார் என்று கேட்ட பிறகே பென்சிலை எடுக்கிறேன்.