நகத்தில் ஒட்டிய மீசை

போன வாரம் என் கணவரின் முகத்தை நானே தேய்த்து அழித்துவிட்டேன்!

பதறாதீர்கள்... படத்தில்தான். ஆனால் நான் பதறியது நிஜம்.

அன்று காலை அவர் ஆஞ்சியோ பரிசோதனைக்காக அரூரிலிருந்து சேலம் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். "நீ எதுக்கு? அங்க வந்து அழுதுக்கிட்டு நிப்ப. அதான் தம்பி வரான்ல" என்று என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். முந்தின நாள் பாதியில் விட்ட கேன்வாஸை எடுத்து வைத்துக்கொண்டேன்.

இப்போதைக்கு என் கிறுக்கு இதுதான் — கேன்வாஸில் மஞ்சளும் காவியுமாகப் பெயின்ட் பூசி, அதில் பழைய படங்களின் ஜெராக்ஸை இறக்குவது. ஒருவகைப் பசையைத் தடவி, ஜெராக்ஸைக் குப்புற ஒட்டி, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு தண்ணீர் தொட்டு விரலால் தேய்த்தால் தாள் திரிதிரியாக வந்துவிடும். படம் மட்டும் கேன்வாஸில் தங்கும்; அளவுக்கு மீறித் தேய்த்தால் அதுவும் போய்விடும். நான் ஒட்டியிருந்தது எங்கள் கல்யாணப் போட்டோ.

என் முகம் வந்தது. மாலைகள் வந்தன. அவர் முகத்துக்கு வந்தேன். மனசு சேலத்தில், விரல் கேன்வாஸில்... எவ்வளவு நேரம் தேய்த்தேனோ! குனிந்து பார்த்தால், அவர் மாலைக்கு மேலே முகம் இல்லை. வெறும் மஞ்சள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சரோஜா கறிவேப்பிலை கேட்டு வந்தார்.

"அய்யய்யோ... என்னங்க இது! வூட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறப்ப, அவரு மூஞ்சியப் போயி அழிச்சு வெச்சிருக்கீங்களே..."

கறிவேப்பிலையைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

சகுனம் பார்க்கிறவர்களை வாராவாரம் எழுதும் இதே பத்தியில் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்! பூனை குறுக்கே போனதென்று வீட்டுக்குள் திரும்பியவரை ஒரு வாரம் முழுக்க ஓட்டினேனே... அந்தத் தைரியமெல்லாம் அடுத்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் போலிருக்கிறது.

கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். ம்ஹூம். ஏன் எடுக்கவில்லை? டாக்டர் கூப்பிட்டாரா? கூப்பிட்டு என்ன சொன்னார்?

கை கழுவப் போனவள் குழாயடியில் அப்படியே நின்றுவிட்டேன். நகக்கண்ணில் கறுப்பாகத் துளித்துளியாக... அவர் மீசை! அதைத் தண்ணீரில் விடுவதா?

சொன்னால் சிரிப்பீர்கள். நான் கை கழுவவே இல்லை. சாப்பிடவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள்... சட்டென்று மறுபடியும் கொழுந்தனார் நம்பரைப் போட்டேன்.

மத்தியானத்துக்கு மேல்தான் கொழுந்தனார் கூப்பிட்டார்.

"அண்ணி, பயப்படாதீங்க. அடைப்பு பெருசா ஒண்ணுமில்லீங்க. மாத்திரையே போதும்னுட்டாங்க. உள்ள போன் கொண்டுபோக வுடலீங்க, அதான். அண்ணன் இட்லி வேணும்னு சண்டை போட்டுக்கிட்டிருக்காரு."

போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். அப்புறம்தான் கை கழுவினேன்.

மறுநாள் அவர் வருவதற்குள் இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து வந்து, முகத்தை மட்டும் வெட்டி அதே இடத்தில் குப்புற ஒட்டினேன். காய்ந்தது. தண்ணீரும் தொட்டாயிற்று. தேய்க்கத்தான் விரல் வரவில்லை.

இப்போது அது ஹாலில் தொங்குகிறது. மாலையோடு சிரிக்கும் நான்... பக்கத்தில் மாலைக்கு மேல் ஒரு வெள்ளைத் தாள்.

"என் மூஞ்சி எங்கடி?" என்கிறார்.

"உள்ள பத்திரமா இருக்கீங்க. கை வெக்காதீங்க!"