நடப்பட்டதாம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதி வகுப்பின் முன் வாசிக்க வேண்டும், இருவர் சேர்ந்தும் எழுதலாம் என்றார்கள். நானும் என் தோழியும் சேர்ந்துகொண்டோம். எங்கள் வீடு இருந்த நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பைத் தாண்டினால் எந்தப் பக்கம் பார்த்தாலும் முந்திரிக்காடு. அந்த முந்திரி இந்தச் செம்மண்ணுக்கு எப்படி வந்தது என்பதுதான் எங்கள் தலைப்பு. சுலபமாக முடிந்துவிடும் என்று நம்பினோம்.

தோழி அத்தா என்று கூப்பிடும் அவள் அப்பாவுக்கு மந்தாரக்குப்பத்தில் துணிக்கடை. பரீட்சை முடிந்த கையோடு அவளுக்கு நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தார்கள். அதனால் எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு அவசரம். எனக்கு அப்படியொரு கெடு கிடையாது. ஆனாலும் சும்மா உட்கார என்னால் முடியாது.

டவுன்ஷிப் நூலகத்தில் ஊழியர் குடும்பத்துக்குத்தான் புத்தகம் கொடுப்பார்கள். அப்பா மைன்ஸில் இருந்ததால் அவருடைய கார்டை வைத்துக்கொண்டு நான் உள்ளே போய்த் தேடுவேன். தோழி வாசல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து நான் கொண்டுவந்து கொடுப்பதைப் படிப்பாள். முதல் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் எதிரே செய்தித்தாளை விரித்தபடியே கண்ணயர்ந்திருப்பார்கள். நூல் பட்டியல் அட்டைகள் இருந்த இழுப்பறையை இழுத்து, ஒவ்வொரு அட்டையாகத் தள்ளி, எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போனால் பாதி நேரம் அந்த இடம் காலியாக இருக்கும். ஒரு வழியாக மூன்று புத்தகங்கள் கிடைத்தன. மூன்றாவது, பெரிய பேராசிரியர் ஒருவர் எழுதியது. கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு.

மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. பஞ்சம் ஒன்று வந்து போன பிறகு, ஆற்றங்கரையில் இருந்த ஒரு கிராமத்தில் சர்க்காரே முதல் முந்திரிக் கன்றுகளை நட்டது. கிராமத்தின் பெயரையும் மூன்றும் சொல்லின.

"மூணு பேரும் ஒண்ணாச் சொல்லிட்டாங்க. இன்னாடி வேணும் இதுக்கு மேல? எழுதிடலாம்" என்றாள் தோழி.

எனக்கு அந்தக் கிராமத்தைத் தெரியும். கல்லூரிக்கு நாங்கள் போகும் பஸ் தினமும் அங்கே நிற்கும். குடங்களோடு பெண்கள் ரோட்டோரம் நடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆற்றை மட்டும் பார்த்ததில்லை. மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வந்ததும் தலையை வெளியே நீட்டினேன். செம்மண், முந்திரி, ஒரு டீக்கடை. திரும்பி வரும்போது இறங்கிவிட்டேன். தோழியும் வேறு வழியில்லாமல் இறங்கினாள். டீக்கடைக்காரரிடம் ஆறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"ஆறா? இங்கயாம்மா? ஏரிதான் இருக்குது, அதுலயும் தண்ணி இல்ல" என்றார்.

அடுத்த பஸ் வருவதற்குள் தோழி என்னை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். ஆறு திசை மாறியிருக்கும், இதற்கெல்லாமா மண்டையைப் பிய்த்துக்கொள்வது என்றாள். எங்களுக்கு வழிகாட்டிய விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "மூணு புத்தகத்துல இருக்குல்லம்மா? அப்புறம் என்ன, எழுது" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். அந்த வாக்கியம் வரும்போதெல்லாம் பேனா நின்றது. எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். திரும்ப உட்கார்ந்தால் திரும்ப அதே இடம். அம்மா, "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். ஆறு இல்லாததுதான் என் வியாதி என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்போதுதான் பேராசிரியருடைய அடிக்குறிப்புகளை ஒழுங்காகப் படித்தேன். அந்தத் தகவலுக்கு அவர் காட்டியிருந்தது மற்ற இரண்டு புத்தகங்களைத்தான். இரண்டாவது புத்தகத்தில் பார்த்தால் அது முதல் புத்தகத்தைக் காட்டியது. முதல் புத்தகத்தில் அடிக்குறிப்பே கிடையாது. மூன்று சாட்சி என்று நினைத்திருந்தேன். இருந்தது ஒருவர்தான், அவரும் யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. முன்னுரையில் மட்டும், கடலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழா மலர் தனக்கு உதவியது என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

"கடலூருக்குப் போகணும்" என்றேன்.

தோழி நோட்டை மூடி வைத்தாள். "எனக்கு வூட்ல ஆயிரம் வேலை. ஜாக்கெட் தைக்கக் குடுக்கணும், ஆளுங்க வந்துக்கினு போயிக்கினு இருக்காங்க. நீ ஆத்தைத் தேடிக்கினு இருக்க."

ஆனாலும் சனிக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்துக்கு எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். அத்தாவிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

கடலூர் நூலகத்தில் பழைய மலர்களைச் சணல் கயிற்றில் கட்டி ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். வரிசை ஒன்றும் இல்லை. நூலகர் மூலையைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார். தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கட்டாகப் பிரித்தோம். தாள்கள் ஓரத்தில் பொடிந்து மடியில் உதிர்ந்தன. கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம், கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்று. படிக்கவேண்டிய பக்கங்களைப் படிக்காமல் புரட்டிவிட்டு, திரும்ப முதலிலிருந்து புரட்டினேன். கடைசியில் அது அவள் கையில்தான் அகப்பட்டது.

அந்தப் பள்ளியின் தமிழாசிரியர் முந்திரியைப் பற்றி எழுதிய சின்னக் கட்டுரை. அவள் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்: "ஆற்றங்கரையில் இருந்த சிற்றூர் ஒன்றில் சர்க்காரால் முதல் கன்று நடப்பட்டதாம். அது எவ்வூர் என்று சொல்வார் இல்லை."

மலரை வாங்கி நானும் படித்தேன். அந்த ஆசிரியர் நேர்மையாகத்தான் எழுதியிருந்தார். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே சொல்லி, ஊர் தெரியாது என்பதையும் சொல்லியிருந்தார். முதல் புத்தகக்காரர் 'நடப்பட்டதாம்' என்பதை 'நடப்பட்டது' என்று ஆக்கி, எங்கிருந்தோ ஒரு ஊரையும் பிடித்துப் போட்டுவிட்டார். ஆற்றை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்.

"நாம பாக்காம இருந்திருந்தா இந்நேரம் கட்டுரை முடிஞ்சிருக்கும்" என்றாள் தோழி. கோபமா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் அவளே பார்த்து எழுதினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் சண்டை. முந்திரி எப்போது, எங்கே வந்தது என்று தெரியவில்லை என்றே எழுதவேண்டும் என்றேன். "தெரியலன்னு எழுதறதுக்கா எம்.ஏ. படிச்சோம்?" என்றாள் அவள். மந்தாரக்குப்பம் வந்ததும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டாள். அடுத்த வாரம் முழுக்க வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் தனியாகவே எழுதினேன். மூன்று புத்தகங்களும் ஒன்றை ஒன்று எப்படிப் பார்த்து எழுதின என்பதைக் காட்டி, ஆசிரியருடைய வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டேன். எழுதியதைக் கொடுத்தபோது வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திருப்பித் தந்தபோது என் எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருந்தாள்.

வகுப்பில் வாசித்த அன்று படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். பாதியில் தாள்களை அவள் வாங்கிக்கொண்டாள். முடித்ததும் விரிவுரையாளர் கேட்டார்: "அதெல்லாம் சரி. அப்ப முந்திரி எப்பத்தான் வந்துச்சு?"

அவள்தான் பதில் சொன்னாள். "எங்களுக்குத் தெரியலைங்க சார். தெரிஞ்சது வரைக்கும்தான் எழுதியிருக்கோம். அந்த ஊர்ல ஆறு இல்லைங்க, நாங்க இறங்கிப் பாத்தோம்."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எங்கள் தாள்களை வாங்கி அடிக்குறிப்புகள் இருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "நான் இந்தப் பேராசிரியரை வருஷா வருஷம் பாடத்துல சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவர்களை அழைத்தார். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. முடிவு தெளிவாக இல்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த வருஷம் அவர் பாடத்தில் அந்தத் தகவலைச் சொல்லவில்லை என்று பிறகு ஜூனியர் பெண் ஒருத்தி சொன்னாள்.

கட்டுரை வாசித்த அன்று மாலை பஸ்ஸில் சரியான கூட்டம். நின்றுகொண்டே வந்தோம். நிக்காஹுக்கு வாங்க வேண்டிய வளையல்களைப் பற்றி அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் ம் கொட்டினேன். அந்தத் தமிழாசிரியர் யார் சொல்லிக் கேட்டிருப்பார், அதை யாராவது எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்களா என்று மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. கடலூரில் நாங்கள் பிரிக்காத கட்டுகள் இன்னும் இருந்தன.

"சனிக்கிழமை என்ன பண்றே?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வர மாட்டேன்" என்றாள்.