கீழே பிள்ளை நித்திரை

வாசல் காக்கிற வேலைக்கு வாய் வேணும். எனக்கு அது இல்லை. உங்களில் யாரும் வாசலில் நின்று ஆக்களை மறித்திருந்தால் என் பாடு விளங்கும்.

தொண்ணூறுகளில், பலெர்மோவில், அல்பெர்கேரியாப் பகுதியின் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றுக்குள் ஒரு பழைய மாளிகைக்கு நான் காவல். தெருக் கதவுக்கும் உள்முற்றத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம். அதன் மேலே ஓட்டுக்கூரை போட்ட பழங்காலத்துப் பாலம். இரண்டு தொன்னுக்கு மேல் பாரமான வண்டி ஏறக்கூடாது என்று பலகை தொங்கும். பாலத்துக்குக் கீழேதான் எங்களுக்குத் தந்த அறை. கணவர் வேலைக்குப் போய்விடுவார். கைக்குழந்தை மகள் அங்கேதான் படுத்திருப்பாள்.

பாலில் விழுந்த சுண்ணாம்பு

வந்த புதிதில் சீமெந்து மூட்டை ஏற்றிய லொறி ஒன்று வந்தது. எனக்கு நாக்கு எழும்பவில்லை. பலகையைக் கையால் காட்டினேன். சாரதி பார்த்தான், சிரித்தான், ஏற்றிக்கொண்டு போனான். கீழே ஓடிப்போய்ப் பார்த்தால், ஆறவைத்த பாலில் பாலத்திலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு மிதக்குது. மகளின் தலைமயிரும் வெள்ளை.

திரும்பிப் போகும்போது அவன் சொன்னான்: "பயப்படாதேங்கோ சிஞ்ஞோரா, இவ்வளவு காலமும் விழாத பாலம் எனக்காகவோ விழப்போகுது?"

குளியல் தொட்டி

அதுக்குப் பிறகு, வாய் வராவிட்டாலும் கால் வரட்டும் என்று, வண்டி வந்தால் பாலத்து வாசலில் போய் நின்றுவிடுவேன். மேல்மாடி சிஞ்ஞோராவுக்கு, அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கு, பளிங்குத் தொட்டி வந்த அன்றும் அப்படித்தான். சாரதி ஹோர்ன் அடித்தான். சிஞ்ஞோரா யன்னலால் கத்தினா. நான் நிலத்தைப் பார்த்தபடி நின்றேன்.

கடைசியில் அந்தப் பருத்த சாரதி மூச்சு வாங்க இறங்கி வந்து பலகையை வாசித்தான். தொட்டியை இறக்கி, உருளைக் கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னைக் கடக்கும்போது வயிற்றைத் தட்டிச் சொன்னான்: "என்னை இறக்கினாலே பாதிப் பாரம் குறையும், சிஞ்ஞோரா. வீட்டிலையும் இதைத்தான் சொல்லினம்."

பின்னாலை எடுக்காத வான்

உள்முற்றத்து மண்டபத்தில் எங்கடை தமிழ் ஆக்களின் கலியாணம். கலியாணப் பொம்பிளை, சொந்தக்காரர், சமையல் கிடாரம், வாழைக்குலை எல்லாம் ஒரே வான் வண்டியில். நான் குறுக்கே நின்றேன்.

"என்ன தங்கச்சி, எங்கடை ஆளே எங்களை மறிக்கிறதோ?" என்றார் வான் ஓட்டி வந்த பொம்பிளையின் மாமா.

"பாரம் கூடிப்போச்சு, அண்ணை. வானைப் பின்னாலை எடுத்து, தெருவிலை விட்டிட்டு நடந்து வாங்கோ," என்று முணுமுணுத்தேன்.

பொம்பிளையின் தாய் தலையை வெளியே நீட்டினா. "நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்ட வான். ஒரு அடியும் பின்னாலை எடுக்க விடமாட்டன்!"

மாமா எஞ்சினை உறுமவிட்டார். எங்கிருந்து வந்ததோ எனக்கு அந்தக் குரல்: "அக்கா, இந்தப் பாலத்துக்குக் கீழை என்ரை பிள்ளை நித்திரை!"

பொம்பிளைதான் முதலில் கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிறகு எல்லாரும் இறங்கினார்கள். கிடாரமும் இறங்கியது. வெறும் வான் பின்னாலை போகாமலே மெல்ல உருண்டு பாலத்தைக் கடந்தது. நாதஸ்வரக் கசெட்டைக்கூட நிறுத்திவிட்டு, சருவப் பாத்திரங்களைக் கைமாற்றிக்கொண்டு சனம் பின்னாலே நடந்தது. தாய்தான் கடைசி. முன்னே போனவர்களை அதட்டினா: "மெல்ல நடவுங்கோ, கீழை பிள்ளை நித்திரை!"

பலகைக்கு நிற்காத சனம் இதுக்கு நிற்குது என்று கண்டபின், மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் வண்டி வரும்போதெல்லாம் என் சொல்லில் அவள் கீழே நித்திரையாகத்தான் இருந்தாள்.