இரண்டு நாள் தாங்கும் வாசனை

செம்பாக்கத்தில் சர்ச் கல்யாணத்துக்கு வெள்ளைச் சேலை வேண்டும் என்றால் ஈவ்லினிடம்தான் போவார்கள். ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் ஒரு கடை. சில தையல் மிஷின்கள், தலையில்லாத ஒரு பொம்மை. வருஷம் முழுவதும் அந்தப் பொம்மைக்கு மணப்பெண் வேஷம்தான், மாப்பிள்ளை மட்டும் வந்தபாடில்லை. ஈவ்லின் படித்தது பத்தாவது வரைக்கும், அதிலும் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டவள். ஆனாலும் போர்டில் ஃபேஷன் டிசைனர் என்று போட்டிருந்தாள். மடிப்பு ஒழுங்காக விழுந்தால் சர்டிபிகேட்டை யார் கேட்கப் போகிறார்கள்?

பெரிய டிசைனர்கள் எல்லாரும் சொந்தமாக சென்ட் விடுகிறார்கள் என்று போனில் பார்த்ததிலிருந்து அவளுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. கோவிலம்பாக்கத்தில் பினாயில் தயாரித்து விற்கும் மோகன்ராஜைப் போய்ப் பார்த்தாள். மே மாதக் கல்யாணத்தில் பொண்ணு காரை விட்டு இறங்கிப் பீடத்துக்குப் போவதற்குள் வாசனை எல்லாம் வேர்வையோடு ஓடிவிடுகிறது, ஓடாத மாதிரி ஒன்று வேண்டும் என்றாள். மல்லி, ரோஜா, அடியில் கொஞ்சம் சந்தனம். அதற்கும் அடியில் மோகன்ராஜ் என்னத்தைக் கலந்தாரோ, துணியைத் துவைத்து வெயிலில் போட்டாலும் வாசனை அசையவில்லை. ஸ்ப்ரே மூடி அடைத்துக்கொண்டே இருந்ததால் அகல வாய் பாட்டிலாக வாங்கினாள். டப்பாவில் தங்க எழுத்தில் 'இரண்டு நாள் தாங்கும்' என்று அடித்தாள். சென்ட்டுக்கு 'அருள்' என்று பெயர் வைத்தாள்.

அது அவளுடைய அக்காவின் பெயர். அப்பா அம்மா போன பிறகு ஈவ்லினுக்கு எல்லாமே அருள்மேரிதான். தாம்பரத்தில் டீச்சர், நாற்பதைத் தாண்டியவள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதோடு சரி, திரும்பி வரவில்லை. ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் சேலை தைத்துக் கொடுத்த ஈவ்லின், அக்காவுக்கு என்று ஒரு வெள்ளைத் துணியை வாங்கி வைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்க, டேனியல் வந்தார். மறைமலை நகரில் கார் பார்ட்ஸ் கம்பெனி சூப்பர்வைசர். மனைவி கிட்னி கெட்டு இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதிகம் பேசாத மனிதர். காபியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அடுத்த வாரமும் வந்தார். சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதன் பிறகும் ஈவ்லினுக்குத் தூக்கம் வரவில்லை. இதுவும் கைநழுவிப் போனால் அக்கா இன்னொரு முறை தலை சீவிக்கொண்டு யார் முன்னாலும் வந்து உட்கார மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று காலையில் அக்காவின் வெள்ளைச் சேலை மடிப்பில், முக்காட்டில், காதுக்குப் பின்னால், மணிக்கட்டில் என்று ஒரு பாட்டில் 'அருளை' ஈவ்லின் தன் கையாலேயே பூசிவிட்டாள். பொண்ணு காரில் வரட்டும் என்று முன்னால் வந்து சர்ச் வாசலில் நின்றாள். அங்கேதான் லாசரஸ் அவளைப் பிடித்துக்கொண்டார்.

இரும்புலியூரில் ஃப்ரீசர் பாக்ஸ், சவப்பெட்டி, வேன் என்று சகல ஏற்பாடும் செய்பவர் லாசரஸ். வேதத்து லாசரு கல்லறையிலிருந்து எழுந்து வந்தவன். நம் லாசரஸிடம் போனவர் யாரும் இதுவரை எழுந்ததில்லை. அவர் ஈவ்லினிடம் பெட்டி பெட்டியாக சென்ட் வாங்குவார். கிறிஸ்துமஸுக்கு ஜனங்களுக்குக் கொடுக்கிறார் போல என்று அவள் நினைத்திருந்தாள், கேட்டதில்லை.

"யம்மா ஈவ்லினு, உன் சென்ட்டு மட்டும் இல்லன்னா நம்ம தொழிலு பேஜாராயிடும்," என்றார் லாசரஸ். "ஐஸ் பொட்டில வச்சாலும் அப்டியே நிக்குது. ஃபாரின்லேர்ந்து புள்ளைங்க வர்ற வரைக்கும் தாங்குது. வாயும் அகலமா கீதா, ஊத்தறதுக்கு நல்லா கீது."

பெட்டியில் கிடப்பவர் மேல் சொந்தபந்தம் ஆளுக்கொரு சென்ட் பாட்டிலைத் திறந்து ஊற்றுவது இந்தப் பக்கத்துத் துக்க வீடுகளில் வழக்கம். ஈவ்லினும் ஊற்றியிருக்கிறாள். ஆனால் தன் பாட்டிலை அந்தக் கைகளில் அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. லாசரஸ் நிறுத்துகிறவராக இல்லை.

"நம்ம மாப்ள டேனியலு இருக்காரே, அவர் மொத சம்சாரத்துக்கும் இதான். பாவம், யாரையும் உடல. பாட்டில் பாட்டிலா அவரே ஊத்திகினு இருந்தாரு."

உள்ளே பீடத்துக்கு முன்னால் டேனியல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஜலதோஷம் பிடித்த மூக்கா என்று எட்டிப் பார்த்தாள். நல்ல மூக்கு. தெருமுனையில் பூ ஒட்டிய கார் திரும்பியது.

அவள் ஓடினாள். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து ஏறிக்கொண்டு, டிரைவரை இன்னொரு சுற்று போகச் சொன்னாள். வாசனை முகத்தில் அறைந்தது. நேற்று வரை அது அவள் பெருமை. இப்போது மூடியிட்ட பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. டிஷ்யூவை நனைத்து அக்காவின் கழுத்தைத் தேய்த்தாள். தண்ணீர் பட்டதும் மல்லி இன்னும் எழுந்தது.

"ஈவி, என்னடி பண்ற?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு டேனியல் அக்காவின் கழுத்தருகே குனிவது கண்ணுக்குள் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

அருள்மேரி கேட்டு முடிப்பதற்குள் கார் ஒரு சுற்றை முடித்து அடுத்த சுற்றில் இருந்தது.

"அவருக்குத் தெரியாமப் போகாதா?"

"போகாதுக்கா. ரெண்டு நாள் தாங்கும்னு டப்பாவுலயே போட்டிருக்கேன்."

அக்கா அழுதிருந்தால் ஈவ்லினுக்குத் தேவலை போல இருந்திருக்கும். அவள் அழவில்லை. மடியில் வைத்திருந்த கைகள் மட்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. வந்தவர்கள் எல்லாரும் காபி குடித்துவிட்டுப் போன அந்தக் காலத்திலும் அந்தக் கைகள் அப்படித்தான் இருக்கும்.

காரைப் பின்வாசலுக்கு விடச் சொன்னாள் ஈவ்லின். சண்டே கிளாஸ் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தான் கட்டியிருந்த அரக்குப் பட்டுச் சேலையை அவிழ்த்து அக்காவுக்குக் கட்டினாள். முக்காட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, வருஷக்கணக்காகக் காத்திருந்த வெள்ளைச் சேலையைத் தான் சுற்றிக்கொண்டாள். உடம்பில் பூசியது பாக்கி இருந்தது. சர்ச்சுக்குப் பின்னால் சமையல்காரர் சவுரிமுத்து விறகடுப்பில் பிரியாணி தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்காவை இழுத்துக்கொண்டு அங்கே போனாள்.

"அண்ணா, இந்த வாசனை போகணும். எப்படியாவது."

"கல்யாணப் பொண்ணையா தம் போட சொல்ற?" என்றார் சவுரிமுத்து. ஈவ்லினின் முகத்தைப் பார்த்ததும் எலுமிச்சம் பழத்தை அரிந்து உப்பில் தோய்த்துக் கொடுத்தார். கழுத்தும் மணிக்கட்டும் சிவக்கிற வரை தேய்த்தார்கள். அடுப்புக்கு எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பொண்ணை உட்காரவைத்து, சவுரிமுத்தே முறத்தால் புகையை விசிறினார். உள்ளே பாட்டுக் குழு அதே பாட்டை மறுபடி தொடங்கியது. பொண்ணு ஓடிவிட்டாளா என்று வாசலில் முணுமுணுப்பு கேட்டது. அருள்மேரி இருமிக்கொண்டே எழுந்தாள்.

"போதும் ஈவி. வா, போகலாம்."

"நான் வரலக்கா. என் மேல இருக்கு அது."

காபி கொட்டிவிட்டது, அதனால் சேலை மாற்றினோம் என்று, பொண்ணைப் பீடத்துக்கு அழைத்துப்போகக் காத்திருந்த சித்தப்பாவிடம் சொல்லி அக்காவை ஒப்படைத்துவிட்டு, ஈவ்லின் வெளியே ஜன்னலோரம் நின்றாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து நின்றாள். அரக்குப் பட்டும் வெள்ளை ரவிக்கையுமாகப் பொண்ணு நடந்து போக, ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் பெஞ்சில் ஒரு குழந்தை பிரியாணி கேட்டது.

ஜெபம் முடிந்தது. டேனியல் தாலியை வாங்கினார், குனிந்தார், நின்றுவிட்டார்.

ஈவ்லின் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். டேனியலின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தாலியோடு கை அந்தரத்தில் இருந்தது. பாஸ்டர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். கர்த்தாவே, வேண்டுமானால் என் கடை போகட்டும், என் கண் போகட்டும் என்று என்னென்னவோ பேரம் பேசினாள். டேனியல் ஏதோ முணுமுணுத்தார். அக்கா பதிலுக்கு ஏதோ சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கை கீழே இறங்கியது, முடிச்சு விழுந்தது.

என்ன பேசினார்கள் என்பது சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரிந்தது. 'ஒரு நிமிஷம் குடு' என்றாராம். 'நிதானமா கட்டுங்க, நான் எங்கயும் போகமாட்டேன்' என்றாளாம் அக்கா. பிரியாணிப் புகைக்கு அடியில் அந்த வாசனை இருக்கத்தான் செய்தது.

அன்றோடு 'அருள்' நின்றது. மிச்சம் இருந்ததை லாசரஸ் கெஞ்சிக் கேட்டும் ஈவ்லின் கொடுக்கவில்லை, மோகன்ராஜிடமே திருப்பி அனுப்பிவிட்டாள். இப்போது கோவிலம்பாக்கம் பக்கம் சில வீடுகளில் தரை துடைத்தால் கல்யாண வாசனை வருகிறதாம். ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்கிற பெண்களிடம், எசென்ஸ் கிடைப்பதில்லை என்று சொல்லிவைக்கிறாள்.

வெள்ளைச் சேலை அவள் மொட்டைமாடிக் கொடியில் ஏரிக்காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. மழை பார்த்துவிட்டது, வெயில் பார்த்துவிட்டது. பக்கத்தில் போய் முகர்ந்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு வருவாள்.

அக்காவைப் பார்க்க மறைமலை நகருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்குக் குளித்து, புதுத் துணி உடுத்தித்தான் கிளம்புகிறாள். போன வாரமும் டேனியல் மாமா வீட்டு வாசலில் நின்று, பெல்லை அழுத்துவதற்கு முன்னால் தன் முந்தானையை ஒருமுறை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். உள்ளே அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் பெல்லை அழுத்தினாள்.